கடல் காற்றாலைக்குத் துணி வெட்டினேன்

எனக்கு வயது எழுபத்திரண்டு. நான் வளர்த்தது ஐந்து பேரை. மூன்று என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் தங்கை விட்டுப் போனது. ஐந்து பேரும் இன்று தங்கள் காலில் நிற்கிறார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பதில்லை.

எனக்குக் கையெழுத்துப் போட வரும். எண்கள் வரும். பஸ் போர்டைக் கன்னடத்தில் படித்துவிடுவேன். அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி யமுனா எழுதுகிறாள். அவள் கை வேகம், என் பேச்சு மெதுவு. அவள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஹெப்பகோடியில் என் மகன் வீட்டுக்கு எதிரில், தையல் கம்பெனிக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி போனில் ஏதோ பார்த்துவிட்டு வந்து சொன்னாள், கடலுக்குள்ளே காற்றாலை நடுகிறார்களாம், அந்த வேலைக்கு மாற என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்களாம். டிப்ளமோ, இங்கிலீஷ், உயரம் ஏறுகிற தைரியம், நீச்சல். "ஊசி நூல் கோக்கத் தெரியணும்னு எங்கயும் போடல ஆயா. நமக்கெல்லாம் எங்க" என்று சிரித்தாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. கடலை ஒரே ஒரு தடவை மெட்ராஸில் பார்த்தேன், அதுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ஆனாலும் கடலில் நிற்கிற காற்றாலைக்கு ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். நான் போனதும் ஒரு தையல் கம்பெனியிலிருந்துதான். அந்தப் பெண்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1. கிராஸ் கட்

தொண்ணூற்று ஐந்து வரைக்கும் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் கட்டிங் டேபிளில் இருந்தேன். சட்டை, கவுன், குழந்தைகள் பாவாடை, எல்லாம் வெட்டுவேன். பதினைந்து வயதில் கத்தரிக்கோல் பிடித்த கை. ஒரு திங்கட்கிழமை போனால் கேட் பூட்டியிருந்தது. சனிக்கிழமையே மெஷின்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. நீலசந்திராவில் வீட்டில் ஐந்து பேர். சாப்பாட்டு கேரியரோடு திரும்பி வீட்டுக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. பொம்மசந்திரா போகிற பஸ்ஸில் ஏறி, கேட் கேட்டாக வேலை கேட்டேன்.

நாலாவது கேட் ஒரு ஃபைபர் கம்பெனி. பஸ்ஸுக்கு முன்பக்கம், தண்ணீர்த் தொட்டி, இந்த மாதிரி செய்கிற இடம். மேஸ்திரி பெயர் நஞ்சுண்டப்பா. கனகபுரா பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், பாதி கன்னடமாக இருக்கும்.

"இல்லி ஹெண்ணாளுங்க கெலசம் இல்லம்மா. எல்லாம் ஆம்பளைங்க செய்யற வேலை" என்றார்.

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு மோல்டுக்குள் வெள்ளைத் துணியைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மோல்டு என்றால் அச்சு. அதற்குள் கண்ணாடி நூலில் நெய்த துணியைப் பரப்பி, ரெசின் என்கிற பிசின் ஊற்றி ஊற வைத்தால், காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிடும். அவர்கள் மூலையில் அமுக்கினால் துணி பக்கத்தில் சுருக்கம் விட்டு எழும்பியது. பக்கத்தில் அமுக்கினால் மூலையில் எழும்பியது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அண்ணா, நேர் நூலுல வச்சா அங்க சுருங்கத்தான் செய்யும். துணியை கிராஸா திருப்பச் சொல்லுங்க."

"இது பட்டே இல்லம்மா, துணி இல்ல. கிளாஸு."

"கிளாஸோ காடாவோ, நெய்ஞ்சிருக்குல்ல? நெய்ஞ்சது எல்லாம் ஒரே மாதிரிதான் இழுக்கும்."

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நஞ்சுண்டப்பா சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினார். பிளவுஸுக்கு கிராஸ் கட் வெட்டுகிற மாதிரி துணியைக் கோணலாகத் திருப்பி வெட்டிக் கொடுத்தேன். மூலையில் போய் அப்படியே உட்கார்ந்தது, குழந்தை மடியில் உட்கார்ந்த மாதிரி. அவர் விரலை வைத்து ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"நாளே எட்டு மணிக்கு வா. ஊட்டா கட்டி எடுத்துக்கிட்டு வா. இங்க கேன்டீன் இல்ல."

கையில் கேரியர் இருந்ததே, அதைத் திறந்து அங்கேயே வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போனேன்.

2. அரிப்பு

கண்ணாடித் துணி உடம்பெல்லாம் அரிக்கும். பார்த்தால் தெரியாத தூள், முழங்கையில், கழுத்து மடிப்பில் ஏறிக்கொள்ளும். முதல் வாரம் வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊற்றிக் குளித்தேன், இன்னும் உள்ளே இறங்கிவிட்டது. பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. அதை யாரும் சொல்லித் தரவில்லை, அழுது தெரிந்துகொண்டேன். வேலைக்குப் போகிற பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ரெசினில் ஹார்ட்னர், அதை இறுக வைக்கிற மருந்து, கலந்துவிட்டால் அது நமக்காகக் காத்திருக்காது. ஒரு நாள் டீ மணி அடித்தது என்று ரெசின் கலந்த பிளாஸ்டிக் மக்கை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் மக்கு, பிரஷ், ரெசின் மூன்றும் ஒரே கட்டி, தொட்டால் கை சுடுகிறது. நஞ்சுண்டப்பா அதை எடுத்து என் மேஜையில் வைத்தார். "ரெசினுக்கு டீ டைம் கொத்தில்லம்மா, தெரியாது" என்றார். ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "இது யார் பெத்த பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் காற்றாலை வேலை வந்தது. சித்ரதுர்கா மலைகளில் நடுகிற காற்றாலைக்கு மேல்மூடி செய்தோம். துணி வேலை கூடியது. நான் சொல்லி, கார்மென்ட்ஸில் என்னோடு வேலை பார்த்த தையல்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எட்டுப் பேர் ஆனோம். என்னோடு கட்டிங் டேபிளில் நின்றவள் செல்வி. வாய் மூடாது, கை நிற்காது. ரெசின் கலக்கிறவன் பாஷா. முப்பது வயது இருக்கும், எனக்கு முன்னாலிருந்தே அங்கே வேலை செய்தவன். ஹார்ட்னரை ஊசிபோடுகிற சிரிஞ்சில் அளந்துதான் ஊற்றுவான். டாக்டர் பாஷா என்று கூப்பிடுவோம்.

3. கடல் சார்

இரண்டாயிரம் பிறந்து இரண்டு வருஷம் இருக்கும். மேனேஜர் வெங்கடேஷ் சார் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். அவர் மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர்.

"வெளிநாட்டு ஆர்டர். காத்தாலைக்கு மூக்கு செய்யணும். ஆனா இது மலையில நிக்கப்போறதில்ல, கடலுக்கு நடுவுல நிக்கப்போகுது. மூணு பீஸ் சாம்பிள் கேக்கறாங்க. மூணுல ஒண்ணாவது பாஸ் ஆகணும். ஆச்சுன்னா வருஷக்கணக்குக்கு வேலை. ஆகலேன்னா..." என்று சொல்லி எங்கள் எட்டுப் பேர் பக்கம் பார்த்தார். பஸ் பாடி வேலை அதற்கு முன்பே குறைந்துபோயிருந்தது. அவர் சொல்லாமல் விட்டது எங்களுக்குப் புரிந்தது.

மூக்கு என்பது இறக்கைகள் மூன்றும் சேருகிற இடத்துக்கு முன்னால் இருக்கிற மூடி. கோபுரக் கலசத்தைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ஆள் நிற்கலாம். அதற்கு வந்த துணி புதுசு. நூல் போட்டுத் தைத்த தடித்த கண்ணாடித் துணி. நேர்த் துண்டெல்லாம் செல்வி பிளேடு வைத்து வெட்டினாள். வளைவுத் துண்டுகள், குடைப் பாவாடைக்கு வெட்டுகிற மாதிரி மேலே குறுகி கீழே அகன்றது, அதை என்னைத் தவிர யாரும் வெட்ட முடியாது. இதை அன்று பெருமையாகச் சொன்னேன். இன்றும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஒவ்வொரு அடுக்குக்கும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். யார் வெட்டினார்கள், யார் கலந்தார்கள், யார் ரோலர் உருட்டி அமுக்கினார்கள் என்று. என் கையெழுத்து அந்த வருஷத்தில்தான் நேரானது.

ஆர்டர் கொடுத்தவர்கள் ஊரிலிருந்து செக் பண்ண ஒருவர் வந்தார். உயரமானவர், வெயிலில் சிவந்த மூக்கு. அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, கடல் சார் என்று வைத்தோம். காய வைத்து எடுத்த முதல் மூக்குக்குள் அவர் ஏறி நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, சுவரைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். ஒரு இடத்தில் டொக். அங்கே மஞ்சள் கிரேயானால் ஒரு வட்டம். மறுபடி டங், டங். மறுபடி டொக், வட்டம். நாங்கள் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தோம். செல்வி என் காதில், "என்னக்கா, தேங்கா வாங்கற மாதிரி தட்டிப் பாக்கறாரு" என்றாள். வட்டம் பதினொன்று ஆனதும் அவள் பேச்சும் நின்றது.

முதல் பீஸ் போயிற்று. பத்து நாளில் இரண்டாவது செய்தோம். அதிலும் வட்டங்கள். ஒன்றைச் சுரண்டிப் பார்த்தார்கள், உள்ளே துணி வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. ரெசின் அதற்குள் ஊறவே இல்லை.

ரெசின் ஊறவில்லை என்றால் எல்லார் கண்ணும் ரெசின் கலந்தவன் மேல்தானே போகும்?

"ஏன்டா பாஷா, சீக்கிரம் மனைக்குப் போகணும்னு ஹார்ட்னர் ஜாஸ்தி ஹாக்கிட்டியா?" என்று நஞ்சுண்டப்பா கத்தினார். "ஊறறதுக்கு முன்னாடியே காஞ்சுபோச்சு நோடு!"

"நஹி மேஸ்திரி! அளந்துதான் ஊத்தினேன். அல்லா மேல ஆணை. சிரிஞ்சு இருக்கு, கார்டு இருக்கு, பாருங்க."

"கார்டுல யார் வேணா பர்கோபோது. எழுதறது பெரிசா?"

மறுநாள் புதன்கிழமை காலையில் பாஷாவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

4. பழுப்புத் தாள்

அன்று மத்தியானம் மூன்றாவது மூக்குக்கு வளைவுத் துண்டு வெட்ட ஆரம்பித்தேன். மேஜையில் பழுப்புத் தாளில் வெட்டிய அளவுகள் இருக்கும், தையலுக்கு வைத்துக்கொள்கிற மாதிரி. அதைத் துணிமேல் வைத்து ஓரத்தோடு வெட்டுவேன். புதுத் துணி தடிப்பு, கத்தரிக்கோல் நாலு வெட்டுக்கு ஒரு தரம் மக்கர் பண்ணும்.

தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பஜ்ஜி மடித்த தாளில் இருக்குமே, அந்தப் புள்ளி. எண்ணெய். முதலில் செல்வி ஏதோ தின்றுவிட்டுத் தொட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கத்தரிக்கோலைப் பார்த்தேன். கண்ணாடித் தூள் அலகு முழுக்கப் பசை மாதிரி ஒட்டியிருந்தது. உலர்ந்த இரும்பில் தூள் ஒட்டாது.

அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன். கத்தரிக்கோல் மக்கர் பண்ணியதும் என் கை தானாகக் காதுக்கு மேலே போயிற்று. தொப்பி கொடுத்திருந்தார்கள், புழுக்கத்துக்கு அதைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தேன். அலகை முடியில் இந்தப் பக்கம் ஒரு இழு, அந்தப் பக்கம் ஒரு இழு. தலையில் காலையில் வைத்த தேங்காய் எண்ணெய். தையல்காரிகள் எல்லாரும் செய்வதுதான். ஊசி ஏறவில்லை என்றால் முடியில் தேய்ப்போம், கத்தரிக்கோல் போகவில்லை என்றால் முடியில் தேய்ப்போம். யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, யாரும் கவனிப்பதும் இல்லை. முந்தைய துணி மெல்லிசு, பிளேடால் கிழித்துவிடுவோம். இந்தத் தடித்த துணி வந்ததும் கார்மென்ட்ஸில் இருந்த பழைய கை திரும்பி வந்துவிட்டது. எனக்கே தெரியாமல்.

போய் இரண்டாவது மூக்குக்குள் ஏறினேன். மஞ்சள் வட்டங்கள் எல்லாம் வளைவுத் துண்டின் ஓரத்தில் வரிசையாக இருந்தன. செல்வி வெட்டிய நேர்த் துண்டில் ஒன்றுகூட இல்லை. எண்ணெய் பட்ட துணியில் ரெசின் ஊறாது. என் வெட்டு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா? வட்டங்களைத் தொட்டால் என் கை போன வழி அப்படியே இருந்தது.

நான் கீழே இறங்கும்போது நஞ்சுண்டப்பா வந்தார். அவர் நல்ல மனிதர், பாஷாவை நிறுத்தியது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

"கோவிந்தம்மா, யோசனை மாடி, நல்லா யோசிச்சு சொல்லு. கட்டிங்ல ஏதாவது வித்தியாசம் இருந்துச்சா?"

"இல்ல அண்ணா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்று கேட்டால், எட்டுப் பெண்களை நினைத்தேன் என்று சொல்லலாம். நினைத்தேன்தான். பெண்ணாளுக்கு இங்கே வேலை இல்லை என்று முதல் நாள் சொன்னவரிடம், ஆமாம், எங்கள் தலை எண்ணெய்தான் உங்கள் ஆர்டரைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, என் வெட்டில் குறை என்று யார் வாயிலும் வரக்கூடாது என்பது. அதுதான் பெரிய பாதி.

சாயந்திரம் கேட்டுக்கு வெளியே பாஷா நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து மேனேஜரைப் பார்க்க நிற்கிறானாம். அதே வேலைச் சட்டையில்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஏழு வருஷமா பாக்கறீங்க. நான் அளக்காம ஒரு சொட்டு ஊத்தியிருக்கேனா?"

"பாக்கலாம் பாஷா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னல் பக்கம் இடம் இருந்தது. அவன் கண்ணில் படாமல் உள்பக்கம் தள்ளி உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கக் கையில் ஊற்றினேன். ஊற்றிய எண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். என் தங்கை மகன், "என்ன பெரியம்மா, பூஜையா?" என்று கேட்டான். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அன்று வெறும் தலையோடு வேலைக்குப் போனேன்.

5. இரண்டு துண்டு

மேனேஜர் அறையில் கடல் சார் இருந்தார், நஞ்சுண்டப்பா இருந்தார். கத்தரிக்கோலையும் பழுப்புத் தாளையும் மேஜையில் வைத்தேன்.

"சார், ரெசின்ல தப்பில்ல. என் தலையில தப்பு" என்றேன்.

வெங்கடேஷ் சாருக்குப் புரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து முடியில் இழுத்துக் காட்டினேன். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் இங்கிலீஷில் சொன்னதும் கடல் சார் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். இன்னொரு தரம் செய்யச் சொல்லிக் கையைக் காட்டினார். செய்தேன். எத்தனை நாளாக என்று கேட்டார்.

"பதினஞ்சு வயசுலேந்து" என்றேன். அது மொழிபெயர்ந்து போனதும் அவர் சிரித்துவிட்டார்.

நஞ்சுண்டப்பா சிரிக்கவில்லை. "நின்னே கேட்டேனே உன்னை! நேத்து கேட்டேனே!"

"நேத்து பொய் சொன்னேன் அண்ணா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். பாஷாவைக் கூட்டிவரத்தான் போனார் என்று அப்புறம் தெரிந்தது.

கடல் சார் ஏதோ நிதானமாகச் சொன்னார். வெங்கடேஷ் சார் தமிழில் சொன்னார்: "மலையில நிக்கற காத்தாலைல ஓட்டை விழுந்தா ஜீப்புல போய் ஏறிப் பாத்துடலாமாம். கடல்ல அப்படி இல்ல. படகு கிடைக்கணும், காத்து அடங்கணும், அலை அடங்கணும். சில சமயம் வாரக்கணக்கா யாரும் கிட்டவே போக முடியாது. அதுக்குள்ள உப்புத் தண்ணி உள்ள இறங்கிடும். அதனால அங்க அனுப்பற பொருளோட ஒரு தப்பும் கூடப் போகக்கூடாது. செஞ்ச தப்பைத் தானே வந்து சொல்றவங்களைத்தான் நான் தேடறேன்னு சொல்றார்."

ஆனாலும் அவர் என் பேச்சை அப்படியே நம்பவில்லை. அது எனக்குப் பிடித்தது. இரண்டு துண்டு செய்யச் சொன்னார், சப்பாத்திப் பலகை அளவுக்கு. ஒன்று முடியில் தேய்த்த கத்தரிக்கோலால் வெட்டியது. எண்ணெய் வைக்காமல் வந்திருந்தேனே, செல்வியின் தலையைக் கடன் வாங்கினோம். "இழுத்துக்கோக்கா, நல்லா இழுத்துக்கோ, நாளைக்கு என் தலையும் வெளிநாடு போகும்" என்று குனிந்துகொடுத்தாள். இன்னொன்று எண்ணெயை எடுக்கிற அசிட்டோனில் துடைத்த கத்தரிக்கோலால் வெட்டியது. இரண்டுக்கும் ஒரே மக்கிலிருந்து பாஷா ரெசின் ஊற்றினான். என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினான்.

மறுநாள் காய்ந்ததும் கடல் சார் நாணயத்தை என் கையில் கொடுத்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். முதல் துண்டின் ஓரத்தில் தட்டினேன். டொக். தள்ளித் தட்டினேன். டொக். இரண்டாவது துண்டைத் தட்டினேன். டங் என்றது, கோயில் மணி மாதிரி. நஞ்சுண்டப்பா நாணயத்தை வாங்கி அவரும் தட்டிப் பார்த்தார். பாஷா கடைசியாக வாங்கித் தட்டினான். ஓரம் முழுக்க, ஒவ்வொரு விரல் இடைவெளிக்கும், ரொம்ப நேரம் தட்டினான். யாரும் அவனை நிறுத்தவில்லை.

அன்று டீ நேரத்தில் அவன் தனியாக உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன்.

"பாஷா, நேத்துதான் தெரிஞ்சுதுன்னு நெனச்சுக்காதே. புதன்கிழமையே தெரியும். நீ கேட்ல கேட்டப்போ எனக்குத் தெரியும்."

அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான்.

"ஒரு நாள் லேட்டா சொன்னீங்க" என்றான்.

"ஆமா."

"அந்த ஒரு நாள் எங்க வீட்ல யாரும் சோறு தின்னல அக்கா."

அவனே பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினான். உட்கார்ந்தேன். ஒரு வாரம் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் கட்டிங் டேபிளைத் தாண்டிப் போகும்போது, "க்யா அக்கா, இன்னிக்கு எத்தனை மில்லி தேங்கா எண்ணெய்? சிரிஞ்சு வேணுமா?" என்றான். செல்வி சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்தான். எனக்கு மனசு லேசானது அப்போதுதான்.

மூன்றாவது மூக்கை முழுக்கக் கடல் சார் தட்டினார். காலையில் ஏறியவர் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கினார். கிரேயானைத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த வேலை இருந்தது. எட்டுப் பெண்களும் இருந்தார்கள். கட்டிங் ரூம் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டினார்கள், கத்தரிக்கோலைத் தலையில் தேய்க்கக்கூடாது என்று. புதிதாக வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, எந்தப் பைத்தியம் அப்படிச் செய்யும் என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்லுவேன்.

ஒரு வருஷம் கழித்து வெங்கடேஷ் சார் என்னைத் தட்டிப் பார்க்கிற வேலைக்கு மாற்றினார். படித்தவர்கள் பார்க்கிற குவாலிட்டி வேலை. எனக்குப் படிக்க வராதே சார் என்றேன். "வட்டம் போட வருமில்ல?" என்றார். வரும். நான் வட்டம் போட்ட பீஸ் எதுவும் கப்பல் ஏறியதில்லை.

6. எதிர் வீட்டுப் பெண்களுக்கு

ஆகவே, கடல் காற்றாலை வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால், பட்டியலில் போட்டிருக்கிறது எல்லாம் தெரிந்திருக்கட்டும். கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஏறுகிறவர்களுக்கு நீச்சலும் வேண்டும், தைரியமும் வேண்டும். ஆனால் கரையில் நின்று செய்கிறவர்கள்தான் அதிகம். உங்கள் கையில் இருக்கிற தையல் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நூல் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்தவளுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் கை ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போகும்போது தன் பழக்கத்தையும் கூடவே கட்டிக்கொண்டு போகும். நல்லதையும் கொண்டுபோகும், கெட்டதையும் கொண்டுபோகும். எது எது என்று புது இடத்தில் உங்கள் கையை நீங்களே பார்க்க வேண்டும். வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

தப்பு கண்ணில் பட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் மறுநாள் சொன்னேன். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது, எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளை பாஷா வீட்டுக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அவ்வளவுதான் யமுனா. இப்போது படித்துக் காட்டு. முதலிலிருந்து வேண்டாம், புதன்கிழமையிலிருந்து படி. நஞ்சுண்டப்பா கேட்கிற இடத்தில் உன் பேனா நின்றதை நான் பார்த்தேன். பாட்டிக்குப் பரிந்துகொண்டு, பேசாமல் நின்றேன் என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடு. நான் பேசாமல் நிற்கவில்லை. "இல்ல அண்ணா" என்று சொன்னேன். அந்த இரண்டு வார்த்தை இருக்கிறதா என்று சத்தமாகப் படி.